முதல் டைட்டஸ்வில் கத்தி: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

கத்தியைக் கூடையில் போட்டாயிற்று. முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சல் எண்ணுக்கு வந்தபோது பக்கம் மாறி, 'இருப்பு இல்லை' என்றது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. கிரேட் ஈஸ்டர்ன் கட்லரியின் மடக்குக்கத்தி ஒன்றை வாங்க நான் செய்த முதல் முயற்சி இப்படி முடிந்தது. அந்த எரிச்சலில் அன்றிரவே மறுவிற்பனையில் அதே கத்தியைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினேன். வந்து சேர்ந்த கத்தியின் ஸ்பிரிங் என் கட்டைவிரல் நகத்துக்கு ஒத்துவரவில்லை. பிடியும் என் கைக்குச் சிறியது.

விவரம் தெரிந்த ஒருவர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். அவர் என்னென்ன சொல்லியிருப்பாரோ அவற்றைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஊரும் பட்டறையும்

பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்கில் டைட்டஸ்வில் என்ற சிறிய ஊர் இருக்கிறது. 1859இல் எட்வின் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டி, அமெரிக்காவின் பெட்ரோலியத் தொழிலைத் தொடங்கிவைத்த ஊர் அது. கத்திக்காரர்களுக்கு அது வேறொரு காரணத்தால் தெரிந்த ஊர். குவீன் கட்லரி என்ற பழைய நிறுவனம் 1922 முதல் அங்கேதான் மடக்குக்கத்தி செய்துவந்தது. அந்தக் கத்தித் தொழிலில் பழகிய பில் ஹோவர்டும் கென் டேனியல்சும் 2006இல் அதே ஊரில் தொடங்கியதுதான் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி. சேகரிப்பாளர்கள் சுருக்கமாக ஜி.இ.சி. என்பார்கள்.

இவர்கள் செய்வது நூறு வருடத்துக்கு முந்தைய பாணிக் கத்திகள். ஒரு கையால் தட்டித் திறப்பது, பெல்ட்டில் கிளிப் போட்டு மாட்டுவது எல்லாம் இதில் கிடையாது. நகத்தைக் குழியில் வைத்து இழுத்துத் திறக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் பூட்டும் இல்லை. முதுகில் இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து நிறுத்துகிறது.

கத்திகளில் மூன்று பெயர்களைப் பார்ப்பீர்கள். கிரேட் ஈஸ்டர்ன் என்பது சொந்தப் பெயர். மற்ற இரண்டும் மறைந்துபோன பழைய நிறுவனங்களின் பெயர்கள். நார்த்ஃபீல்டு, 1858இல் கனெக்டிகட்டில் தொடங்கிய கத்தி நிறுவனம். டிடியூட், டைட்டஸ்வில்லுக்கு அருகே அலெகேனி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 1890களின் இறுதியில் அங்கே நடந்த கத்தித் தொழிலின் கிளையிலிருந்துதான் பின்னாளில் கா-பார் என்ற பெயர்பெற்ற கத்தி நிறுவனம் வந்தது. இன்றைய கத்திகளைப் பொறுத்தவரை, பொதுவாக நார்த்ஃபீல்டு முத்திரை உள்ளவற்றில் மெருகு கூடுதலாக இருக்கும், டிடியூட் எளிமையாக இருக்கும். கட்டுமானம் ஒன்றுதான். முதல் கத்திக்கு டிடியூட் போதும் என்பது என் எண்ணம். மெருகுக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, கீறல் விழுமே என்று பயந்து பெட்டியில் வைத்திருப்பதில் என்ன சுகம்?

உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பழகுங்கள்

விற்பனைக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு பத்துச் சொற்கள் தெரிந்தால் போதும்.

வெட்டும் பகுதி அலகு. அலகின் அடியில், கூர் இல்லாமல் பிடிக்குள் போகும் தடித்த பகுதிக்கு டாங் என்று பெயர். நிறுவன முத்திரை அதில்தான் அடிக்கப்பட்டிருக்கும். பிடியின் முனையில் பளபளக்கும் உலோகத் தொப்பி போல்ஸ்டர். அது பெரும்பாலும் நிக்கல் சில்வர், அதாவது நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் கலவை. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். பிடியின் உள்பக்கச் சுவர்களாக இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளை லைனர் என்பார்கள். அவற்றின் மேல் ஒட்டி ஆணி அடித்திருக்கும் எலும்பு அல்லது மரத்துக்குக் கவர் என்று பெயர். கவரின் நடுவே பதித்த சிறிய உலோகச் சின்னம் ஷீல்டு.

அலகைத் திறக்கும்போது பாதி வழியில், தொண்ணூறு டிகிரியில், 'டக்' என்று ஒருமுறை நின்றால் அது அரை நிறுத்தம். டாங்கைச் சதுரமாக வெட்டியிருப்பதால் அப்படி நிற்கிறது. மூடும்போது விரல் நசுங்காமல் காப்பாற்றுவதும் இதுதான். சிலருக்கு இந்தத் தடங்கல் பிடிக்காது, வழுவழுவென்று ஒரே ஓட்டமாகத் திறக்க வேண்டும். எனக்கு அரை நிறுத்தம் வேண்டும்.

அடுத்தது இழுவை. திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்வது வழக்கம். ஐந்து என்றால் சுகமானது. ஏழு என்றால் நகம் கொஞ்சம் முனகும். எட்டுக்கு மேலே போனால் நகம் உடையும். இந்தப் பட்டறையின் கத்திகளில் பல இறுக்கமானவை என்று பெயர் வாங்கியவை. அளக்கக் கருவி எதுவும் இல்லை, ஆளுக்கு ஆள் எண் மாறும். இருந்தாலும் விற்பவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். நான் கேட்காததால்தான் முதல் கத்தி என் கையில் கல்லாகக் கிடந்தது.

கடைசியாக 'நடையும் பேச்சும்'. பழைய கத்திக்காரர்களின் சொல் இது. அலகு தடங்கலில்லாமல் திரும்புவது நடை. திறந்து முடியும்போதும் மூடி முடியும்போதும் எழும் 'டொக்' என்ற சத்தம் பேச்சு. நல்ல கத்தி இரண்டையும் தெளிவாகச் செய்யும்.

ஒரே ஓர் அச்சில் தொடங்குங்கள்

இந்தப் பட்டறை வேலை செய்யும் விதத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எல்லா மாதிரிகளையும் வருடம் முழுக்கச் செய்து அலமாரியில் அடுக்கிவைக்கிற வழக்கம் இங்கே இல்லை. ஓர் அச்சை, அதாவது எண் கொடுத்த ஒரு கத்தி வடிவத்தை, எடுத்துக்கொள்வார்கள். அதற்கான அலகு, ஸ்பிரிங், லைனர் எல்லாவற்றையும் வெட்டி, அதே உடலுக்கு எலும்பு, மரம், கொம்பு, மைக்கார்ட்டா என்று வெவ்வேறு கவர்கள் போட்டுச் சில வாரங்களில் அனுப்பி முடிப்பார்கள். அப்புறம் அடுத்த அச்சு. முடிந்துபோன அச்சு திரும்ப வர ஒரு வருடம் ஆகலாம், நான்கு வருடமும் ஆகலாம். ஒரு கவர் வகையில் சில டஜன் மட்டுமே செய்வதும் உண்டு, சில நூறு செய்வதும் உண்டு. தட்டுப்பாட்டுக்கான காரணம் அவ்வளவுதான். சின்னப் பட்டறை, கைவேலை அதிகம், கேட்பவர்கள் ஏராளம்.

புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வருகிற ஒவ்வொரு அச்சையும் துரத்துகிறார்கள். ஒரு வருடத்தில் பன்னிரண்டு கத்தி சேர்ந்துவிடும். எது தன் கைக்குப் பொருந்துகிறது என்று அப்போதும் தெரியாது.

ஓர் அச்சைத் தேர்ந்தெடுத்து அதைக் கரைத்துக் குடியுங்கள். தொடக்கத்துக்கு 15ஆம் அச்சைச் சொல்வேன். மூடிய நிலையில் மூன்றரை அங்குலம், சட்டைப்பையில் இருப்பதே தெரியாது, எந்தக் கைக்கும் ஓரளவு ஒத்துவரும். இதே உடலில் நீளமான போல்ஸ்டர் வைத்த பார்லோவும் வந்திருக்கிறது. பார்லோ என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த மிகப் பழைய வடிவம். பிடியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உலோகமே இருப்பதால், அதிகம் தேயும் மூட்டுப் பகுதி உறுதியாக இருக்கும். பெரிய கை என்றால் 77ஆம் அச்சில் வரும் பார்லோவைப் பாருங்கள். 54ஆம் எண்ணான பிக் மூஸ், 36ஆம் எண்ணான சன்ஃபிஷ் போன்றவற்றைப் படத்தில் பார்த்தால் ஆசை வரும். அவை நிஜமாகவே கனமானவை. பையில் போட்டு நடந்தால் கால்சட்டை ஒருபக்கம் இழுக்கும். முதல் கத்தியாக வேண்டாம்.

அலகின் வடிவத்துக்கு அதிகம் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ஈட்டி முனை போன்ற ஸ்பியர் எல்லா வேலைக்கும் ஆகும். கிளிப் முனை மெலிந்து கூர்மையானது, நுண்ணிய வேலைக்கு நல்லது. வார்ன்கிளிஃப்பில் வெட்டும் விளிம்பு நேர்கோடு, முதுகு வளைந்து முனையில் வந்து சேரும். பெட்டி பிரிக்க, பென்சில் சீவ இதைவிட நல்ல வடிவம் கிடையாது. பேனாக்கத்தி என்ற நம் சொல்லே இறகுப் பேனாவைச் சீவிய சின்னக் கத்தியிலிருந்து வந்ததுதானே. ஒற்றை அலகா இரட்டை அலகா என்று கேட்டால் ஒற்றை. இரட்டையில் இரண்டும் உரசாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும், குறை வருவதற்கு இடம் அதிகம்.

எண்ணைப் படிக்கும் முறை

கத்தியோடு வரும் அட்டைக் குழாயில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் விற்பவர் எழுதிய பாதிக் கதை தேவையில்லை. 661118 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் அச்சு: 66. மூன்றாவது, போல்ஸ்டர் எப்படி அமைந்திருக்கிறது என்பதன் குறி. நான்காவது, எத்தனை அலகு: இங்கே ஒன்று. கடைசி இரண்டும் செய்த வருடம்: 2018. மறுவிற்பனையில் 'மிகப் பழையது, அபூர்வமானது' என்று ஒருவர் சொல்லும்போது கடைசி இரண்டு இலக்கத்தை ஒருமுறை பாருங்கள். சிரிப்பு வரும்.

கவர்: ஆசைக்கும் அறிவுக்கும் நடுவில்

எலும்பு என்றால் மாட்டின் கால் எலும்பு. சாயம் ஏற்றி, மேலே சிறு சிறு குழிகளாகக் கொத்தியிருப்பார்கள். மான்கொம்பின் சொரசொரப்பை நகல் எடுக்கத் தொடங்கிய வழக்கம் அது, இன்று அதற்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். கையில் வழுக்காது, வருடக்கணக்கில் தேயத் தேய அழகு கூடும். என் முதல் பரிந்துரை இதுதான்.

ஸ்டாக் என்று எழுதியிருந்தால் மான்கொம்பு. உயர்ந்ததாகக் கருதப்படுவது இந்தியக் கடமானின் கொம்பு. 1990களின் பிற்பகுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடுத்த பிறகு வரத்து சுருங்கி, விலை எங்கேயோ போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில், ஒரே பருமனில் கொம்பு அமைந்த கத்திக்கு ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் நாடு விட்டு நாடு போகும்போது கொம்பு, தந்தம் போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்கள் குறுக்கே வரும். வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் அதை யோசித்துத்தான் கை வைக்க வேண்டும்.

மரத்தில் கருங்காலியும் கோகோபோலோவும் நல்லவை. பாம்புமரம் என்று ஒன்று வரும். பாம்புத் தோல் போன்ற வரிகள், கண்ணைப் பறிக்கும். ஈரப்பதம் மாறினால் விரிசல் விடுவதில் பேர்போனதும் அதுவே. வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்கும் ஊரில் இருப்பவர்கள் மைக்கார்ட்டாவை எடுத்துக்கொள்ளலாம். துணியையோ தாளையோ பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது. சுருங்காது, விரியாது, உணர்ச்சியும் இல்லாதது.

வாங்குவது

பட்டறை பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அதனிடம் வாங்கும் வணிகர்கள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு போகிறது. ஆகவே செய்ய வேண்டியவை இவை.

அடுத்து எந்த அச்சு வரப்போகிறது என்பது பட்டறையின் அறிவிப்பிலேயே தெரிந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள். உங்கள் அச்சு இல்லையென்றால் சும்மா இருங்கள். இந்த ஒரு வரியைப் பின்பற்றியிருந்தால் எனக்கு ஆயிரம் டாலராவது மிஞ்சியிருக்கும்.

உங்கள் அச்சு வரப்போகிறது என்றால் மூன்று நான்கு வணிகர்களிடம் முன்கூட்டியே கணக்குத் தொடங்கி, முகவரியையும் கட்டண விவரத்தையும் சேமித்துவையுங்கள். நான் அஞ்சல் எண்ணில் தோற்ற கதை நினைவிருக்கட்டும். சிலர் சரக்கு வந்ததும் நேரம் அறிவித்து விற்பார்கள். சிலர் முன்பதிவுப் பட்டியல் திறப்பார்கள். சிலர் குலுக்கல் போடுவார்கள். பெரிய கடைகளில் கூட்டம் முட்டும். பெயர் அதிகம் தெரியாத சின்னக் கடைக்காரரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு, 'இந்த அச்சில், இந்தக் கவரில் ஒன்று வேண்டும், விலையைப் பிறகு சொல்லுங்கள்' என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அமைந்த நல்ல கத்திகளில் பாதி அந்த வழியில் வந்தவை.

சில வணிகர்கள் தங்களுக்கென்று தனிக் கவரோ தனி ஷீல்டோ வைத்துச் செய்யச் சொல்வார்கள். சிறப்பு ஆர்டர் என்று இதற்குப் பெயர். அந்த வகை அந்த ஒரு கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் அடிதடி இரட்டிப்பாகும். தொடக்கத்தில் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதே நல்லது.

விலை? நான் வாங்கத் தொடங்கியபோது சாதாரண ஒற்றை அலகுக் கத்தி வணிகரிடம் நூறு டாலரை ஒட்டி இருந்தது, கவரைப் பொறுத்து ஏறும். அதே கத்தி மறுநாள் மறுவிற்பனையில் இருநூறைத் தாண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த முதல் வாரத்து விலை சூட்டில் இருக்கும் விலை. ஆறு மாதம் பொறுத்தால் பெரும்பாலும் இறங்கும். அடுத்த சுற்றில் அதே அச்சு வந்துவிட்டால் இன்னும் இறங்கும்.

மறுவிற்பனையில் கண்ணைத் திறந்துவையுங்கள்

பயன்படுத்திய கத்தியை வாங்குவது புதியவருக்கு மிகச் சிறந்த வழி. இந்த உலகத்தில் தீட்டாத, பையில் போடாத கத்திக்குத்தான் உச்ச விலை. ஒருமுறை தீட்டியிருந்தால், அலகில் கருமை படிந்திருந்தால், மதிப்பு சட்டென்று குறையும். வெட்டுவதற்கு வாங்கும் உங்களுக்கு அது லாபம்தானே.

விலையை நிர்ணயிக்க, எவ்வளவுக்குக் கேட்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சில சமயம் நூறு டாலர் பள்ளம் இருக்கும்.

இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: திறந்த நிலையில் இரு பக்கமும், மூடிய நிலையில் மேலிருந்து அலகு நடுவில் நிற்கிறதா என்று தெரியும்படி, ஸ்பிரிங்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி தெரியும்படி, டாங் முத்திரை அருகில், அலகு முனை அருகில். முனைப் படம் ரொம்ப முக்கியம். 'புதியது, பயன்படுத்தாதது' என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்ற கத்தியின் முனை, பட்டறையில் விட்டதைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. கீழே விழுந்து உடைந்ததைத் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார். பட்டறைப் படத்தோடு வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பணம் திரும்பி வந்தது, ஏனென்றால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள வழியில் செலுத்தியிருந்தேன். 'நண்பருக்கு அனுப்புவதாகப் போடுங்கள், கமிஷன் மிச்சம்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

கவரை வேறு ஒருவர் மாற்றிப்போட்ட கத்திகளும் சந்தையில் உண்டு. சொல்லி விற்றால் குற்றமில்லை, சில மூலத்தைவிட அழகாகவே இருக்கும். குழாயில் ஒட்டிய சீட்டில் ஒரு பெயர், கையில் வேறு கவர் என்றால் கேள்வி கேளுங்கள்.

கைக்கு வந்ததும்

குழாயைத் தூக்கி எறியாதீர்கள். காகிதத்தையும். பின்னாளில் விற்கப்போனால் அந்த அட்டைக் குழாய்க்கே மதிப்பு உண்டு.

நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். மூடிய கத்தியை மேலிருந்து பாருங்கள். அலகு எந்தப் பக்க லைனரையும் தொடக் கூடாது. கொஞ்சம் சாய்ந்திருந்தால் பரவாயில்லை, உரசினால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. திறந்து, ஒரு கையால் போல்ஸ்டரையும் மறு கையால் அலகின் முதுகையும் பிடித்து மெல்ல இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் திருப்பி அனுப்பலாம். ஸ்பிரிங்குக்கும் லைனருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? மயிரிழை தெரிந்தால் விடுங்கள். கைவேலையில் அது சகஜம். கவருக்கும் போல்ஸ்டருக்கும் நடுவே நகம் மாட்டினால், ஆணியைச் சுற்றி நூல்போல் விரிசல் ஓடினால், அப்போதே எழுதுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சில கத்திகளில் மூடும்போது கூரான விளிம்பு உள்ளே ஸ்பிரிங்கில் போய் மோதும். டாங்கின் அடியில் உள்ள சின்னப் புடைப்புதான் விளிம்பு ஸ்பிரிங்கைத் தொடாமல் தாங்குகிறது. அதன் உயரம் போதாமல் இருந்தாலும், வேகமாக அடித்து மூடினாலும் விளிம்பில் ஒரு பல் விழும். 'டொக்' சத்தம் கேட்க ஆசையாக இருக்கும், தெரியும். மூடும்போது மட்டும் விரலால் தாங்கி மெதுவாக விடுங்கள். பல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, விளிம்பை ஒரு தாளில் வைத்து இழுங்கள். ஓரிடத்தில் கிழித்துக்கொண்டு நின்றால் அங்கே இருக்கிறது.

புதுக் கத்தியின் மூட்டில் மெருகேற்றிய பொடி தங்கியிருக்கும். மினரல் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, முப்பது முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக வழியும். துடையுங்கள். மறுபடி எண்ணெய். கறுப்பு நிற்கும்வரை செய்தால் அந்த இறுக்கமான இழுவையே கொஞ்சம் இளகும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும்.

பயன்படுத்துங்கள், கறுக்கட்டும்

இந்தக் கத்திகளில் பெரும்பாலானவை 1095 என்ற சாதாரணக் கார்பன் உருக்கு. சுமார் 0.95 சதவீதம் கார்பன், குரோமியம் கிட்டத்தட்டக் கிடையாது. அதனால் இரண்டு விளைவு. ஒன்று, நல்ல தீட்டுக்கல் ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் சவரக் கூர் வந்துவிடும். இரண்டு, துரு பிடிக்கும். துரு பிடிக்காத 440சி உருக்கிலும் சில வந்திருக்கின்றன, தேடிப் பிடிக்க வேண்டும்.

துரு வேறு, கருமை வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்குங்கள். ஒரு ஆப்பிளை நறுக்கிவிட்டுத் துடைத்து வையுங்கள். மறுநாள் அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு நிழல் படிந்திருக்கும். அதுதான் படிவு, சேகரிப்பாளர்கள் பட்டினா என்பார்கள். அது இறுகிய மெல்லிய படலம், அடுத்த துருவை ஓரளவு தடுக்கும். செம்பழுப்பாக, தொட்டால் சொரசொரப்பாக, விரலில் ஒட்டினால் அது துரு. எண்ணெய் தொட்ட துணியால் உடனே தேய்த்து எடுங்கள். விட்டால் குழி விழும், குழி போகாது.

கடுகிலும் வினிகரிலும் ஊறவைத்து ஒரே நாளில் கருமை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம். புது ஜீன்ஸைக் கல்லில் தேய்த்துப் பழசாக்குவது மாதிரித்தான் எனக்குப் படுகிறது. தினமும் ஒரு பழம், ஒரு கயிறு, ஒரு உறை என்று வெட்டிக்கொண்டே வந்தால் மூன்று மாதத்தில் தானாக வரும்.

தீட்டுவதற்கு மின்சாரச் சாணைப் பக்கம் போகாதீர்கள். மெல்லிய அலகு, நொடியில் சூடேறி விளிம்பின் கடினம் போய்விடும். கல்லில் கையால், மெதுவாக. டாங்குக்கு அருகில் உள்ள கடைசி சில மில்லிமீட்டரையும் விடாமல் தீட்ட வேண்டும். இல்லாவிட்டால் வருடங்கள் போகப்போக அங்கே ஒரு மேடும் முன்னால் ஒரு பள்ளமும் உண்டாகும்.

சட்டம் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் பூட்டு இல்லாத சின்ன மடக்குக்கத்தியைப் பையில் வைத்திருப்பது பெரும்பாலான இடங்களில் பிரச்சினை இல்லை, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும். பள்ளி, நீதிமன்றம் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். விமானத்தில் ஏற்ற ஒப்படைக்கும் பெட்டிக்குள் போடுங்கள்.

வைத்துக் காப்பது

பயன்படுத்தாமல் வைக்கும் கத்திக்கு எதிரி காற்றின் ஈரமும் உங்கள் விரல் ரேகையும். கையில் எடுத்து ரசித்தால் வைக்கும் முன் துடையுங்கள். அலகில் மெல்லியதாக எண்ணெயோ மெழுகோ போதும். பெட்டியில் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம்.

தோல் உறையில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்தபோது பித்தளை லைனர் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு, அலகில் உறையின் தையல் அச்சு. தோலைப் பதப்படுத்தும் பொருள்களும் அது இழுத்துக்கொள்ளும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. தோல் உறை சுமந்து திரிவதற்கு, தூங்க வைப்பதற்கு இல்லை.

இதே ஆசை வளர்ந்து நூறு வருடப் பழங்கத்திகள் பக்கமும் போனால், செல்லுலாய்டு பிடி போட்டவற்றைத் தனியே வையுங்கள். செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் அதிலிருந்து கிளம்பும் ஆவி, ஒரே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரித்துவிடும்.

குறிப்பேடும், கைவிட்டுப் போவதும்

ஒரு சின்னக் குறிப்பேடு போடுங்கள். ஆறு இலக்க எண், கவர், எங்கே எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள், இழுவை எவ்வளவு, என்ன குறை. நான்காவது கத்திக்குப் பிறகு இது இல்லாமல் முடியாது. என் ஏட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் அப்பட்டமாகத் தெரிகிறது: அவசரத்தில் வாங்கியவற்றில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

விற்பதற்கும் தயங்காதீர்கள். பன்னிரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு ஒன்றையே தினமும் எடுக்கிறீர்கள் என்றால் மற்றவை யாருக்கோ காத்திருக்கின்றன. விற்கும்போது குறைகளை முதலில் எழுதுங்கள், தீட்டியிருந்தால் தீட்டினேன் என்று சொல்லுங்கள், முனையை அருகில் படம் எடுங்கள். அந்த இறுக்கமான முதல் கத்தியை, இழுவை எட்டு என்று தலைப்பிலேயே போட்டு, வாங்கிய விலையில் பாதிக்கு ஒரு தச்சருக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, தன் நகத்துக்கு அது ஆறுதான் என்று எழுதியிருந்தார்.